ஊசி குதிக்காமல் இருக்க

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பத்திரமாக ஊர் போய்ச் சேர்ந்ததை மருமகன் போனில் சொன்னான். பயணத்தில் முட்டி வலி கூடிவிடவில்லையே? எனக்குச் சளி மட்டும்தான். அதுவும் விடைபெறும் நிலையில் இருக்கிறது.

ஓர் உதவி கேட்க வேண்டும். கேட்கலாமா என்று சில நாட்களாக யோசித்தேன். தொந்தரவாக இருந்தால் இந்தப் பகுதியைப் படிக்காததாகவே வைத்துக்கொள்.

என் ரெக்கார்டு பிளேயரை நீ பார்த்திருக்கிறாய். நீ இங்கே தங்கியிருந்தபோது ஒரு நாள் மாலை, ரெக்கார்டு ஓடிக்கொண்டிருக்கையில் கைத்தடியை ஊன்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாய். ஊசி குதித்துவிட்டது. பாடியவர் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாட ஆரம்பித்தார். குற்றம் உன்னுடையது அல்ல. இது பழைய வீடு, மாடியில் மரத்தளம். ஓரிடத்தில் கால் வைத்தால் அடுத்த இடம் ஆடும். ‘பரவாயில்லை’ என்று நான் சொல்வதற்குள் நீ நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாய். அதற்குப் பிறகு ரெக்கார்டு ஓடும்போதெல்லாம் நீ எழுந்திருக்கவே இல்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூடப் பாட்டு முடியும்வரை காத்திருந்தாய்.

கனமான இரும்புத் தகட்டின் மேல் கருவியை வைத்தால் அதிர்வு குறையும் என்று ஒரு பத்திரிகையில் படித்தேன். கனமான பொருள் சுலபத்தில் அசையாது. பள்ளியில் படித்த பாடம்தான். மருமகனின் பட்டறையில் கழிவாகக் கிடக்கும் தகடு ஏதாவது இருக்குமா? பிளேயரைவிட நான்கு பக்கமும் இரண்டு விரல்கடை பெரிதாக இருந்தால் போதும். இல்லையென்றாலும் ஒன்றுமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். படியில் இறங்கும்போது கைப்பிடியை விடாதே.

உன் தம்பி

ஜனவரி 19

ஸ்கேலுக்கு,

(எத்தனை வயதானாலும் எனக்கு நீ ஸ்கேல்தான். தட்டில் இருக்கும் ரொட்டியைக்கூட அளந்து வெட்டியவன்.)

நான் நன்றாக இருக்கிறேன். முட்டிதான் தனிக்குடித்தனம் போனதுபோல் நடந்துகொள்கிறது. சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. உன் சளி போய்விட்டதா, இல்லை, ‘போகலாமா’ என்று அதுவும் உன்னைப்போல் யோசித்துக்கொண்டிருக்கிறதா?

ஒரு இரும்புத் துண்டு கேட்பதற்கு இவ்வளவு மன்னிப்பா? மகனிடம் படித்துக் காட்டினேன். “மாமா கேக்குறது தகடா, கிட்னியா?” என்றான்.

தகடு தாராளமாகக் கிடைக்கும். ஏனென்றால் பட்டறையை மூடுகிறோம். போனில் சொல்லியிருப்பேன், போனில் நீ ‘ம்’, ‘சரி’ என்ற இரண்டைத் தவிர எதுவும் பேசுவதில்லை, சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. மகனுக்குத் துறைமுகத்தில் வேலை கிடைத்திருக்கிறது. ஜூன் மாதம் அவர்கள் அங்கே போகிறார்கள். இந்த வீட்டையும் விட்டுவிட வேண்டியதுதான். நான் என்ன செய்வது என்பதை இன்னும் முடிவு செய்யவில்லை. பார்க்கலாம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. உன் வீட்டில் நீ ஒருவன்தான் இருக்கிறாய். பாட்டு ஓடும்போது கல்லுப்போல் உட்கார்ந்திருப்பாய். அங்கே யார் நடக்கிறார்கள் என்று இப்போது தகடு கேட்கிறாய்?

வேளாவேளைக்குச் சாப்பிடு.

அக்கா

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

சளி போய்விட்டது. உன் முட்டிக்குச் சுடுதண்ணீர் ஒத்தடம் கொடுக்கிறாயா? தவறாமல் கொடுக்க வேண்டும்.

தகடு வந்தது. லாரிக்காரர் வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். என்னால் தூக்க முடியவில்லை. கீழ் வீட்டில் பேருந்து ஓட்டுநர் ஒருவர் குடியிருக்கிறார், நீ பார்த்திருப்பாய், வாசலை அடைத்துக்கொண்டு நிற்பாரே, அவர்தான் மாடிக்குக் கொண்டுவந்தார். “சார், இது என்ன, வீட்டுக்குள்ள பாலம் கட்டப் போறீங்களா?” என்று மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பாட்டுக் கேக்குறதுல இவ்வளவு பளு தூக்குற வேலை இருக்கும்னு எனக்குத் தெரியாது” என்றார்.

நான் ஒரு தவறு செய்துவிட்டேன். தகடு தகடாகவே இருந்தால் மணிபோல் ஒலிக்கும் என்பதை யோசிக்கவில்லை. விரலால் தட்டினால் ‘ணங்’ என்று கேட்டு, நெடுநேரம் அடங்குவதில்லை. தரையின் ஆட்டத்தைத் தடுக்கப் போய்ப் புதிதாக ஒரு மணியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டேன். இப்போது மேலே கம்பளித் துணியும் கீழே பழைய சைக்கிள் டயர்த் துண்டுகளும் வைத்திருக்கிறேன். ஒலிப்பது நின்றுவிட்டது. குதிப்பது நிற்கவில்லை.

பட்டறையை மூடும் செய்தியைப் பலமுறை படித்தேன். அத்தான் தொடங்கிய இடம். மருமகனின் புது வீட்டில் எத்தனை அறைகள்? மாடியா, தரைத்தளமா? உனக்கு வசதியாக இருக்குமா?

நீ கேட்ட கேள்விக்கு அடுத்த கடிதத்தில் பதில் எழுதுகிறேன். சோதனை முடியவில்லை.

உன் தம்பி

பிப்ரவரி 12

ஸ்கேலுக்கு,

ஒத்தடம் கொடுக்கிறேன். வலியும் இருக்கிறது. இரண்டும் ஒற்றுமையாகக் குடித்தனம் நடத்துகின்றன. நீ நலமாக இருப்பதாக உன் கையெழுத்தே சொல்கிறது. ஒரு எழுத்துகூடக் கோட்டை விட்டு இறங்கவில்லை.

புது வீடு நிறுவனம் கொடுப்பது. இரண்டே அறைகள், மூன்றாவது மாடி (உன் வீட்டைப்போல் ஒற்றை மாடி இல்லை), லிஃப்ட் கிடையாது. மகன் “வாம்மா, முதுகுல தூக்கிட்டுப் போறேன்” என்கிறான். மருமகளும் மனதோடுதான் கூப்பிடுகிறாள். ஆனால் ஒரு முறை மேலே ஏறிவிட்டால் பிறகு நான் தெருவைப் பார்ப்பது சன்னல் வழியாகத்தான்.

அதனால் மருமகளும் நானும் ஒரு முதியோர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். குறை சொல்ல முடியாது. சுத்தமாக இருக்கிறது. பூச்செடிகள் இருக்கின்றன. சாப்பாட்டுக்கு மணி அடிக்கிறார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து ஒரே பக்கமாக நடக்கிறார்கள். ஒரு அம்மாள் என்னிடம், “இங்க எல்லாம் நல்லாத்தான் இருக்கு. சண்டை போடத்தான் ஆள் இல்ல” என்றாள். எனக்கு அவளைப் பிடித்துப்போனது. ஜூனிலிருந்து ஒரு கட்டில் காலியாம்.

மற்றபடி, உன் பின் அறை இப்போதும் காலியாகத்தான் கிடக்கிறதா? அந்த வரைபடச் சுருள்களை எல்லாம் இன்னும் அங்கேதான் வைத்திருக்கிறாயா? சும்மா கேட்டேன்.

மழையில் நனையாதே.

அக்கா

பிப்ரவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். சரியாக வரவில்லை. தாமதத்தைப் பொறுத்துக்கொள். நான் நலம். ஓட்டுநரும் உன்னை விசாரித்தார்.

பின் அறையைக் கேட்டிருந்தாய். வரைபட அலுவலகத்திலிருந்து ஓய்வுபெற்றபோது கொண்டுவந்த சுருள்களையும் பலகைகளையும் ஒவ்வொன்றாக வெளியேற்றிக்கொண்டிருக்கிறேன். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று பார்க்க நேரம் பிடிக்கிறது. ஆனால் அறையைவிடத் தரைதான் முக்கியமான பிரச்சினை. அதைச் சொல்லிவிடுகிறேன்.

தகடு வந்த பிறகு, வீட்டில் யாரும் நடக்காதபோது பாட்டு அவ்வளவு தெளிவாக இருக்கிறது. பாடகர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கிறது. ஆனால் ஒருவர் நடந்தால் போதும், எல்லாம் போய்விடுகிறது. நான் மெதுவாக நடந்தாலே இப்படி என்றால், இன்னொருவர், அதுவும் கைத்தடியோடு நடந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். இதைத் தீர்க்காமல் வேறு எந்த முடிவுக்கும் வர முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. நான் சொல்வது உனக்குப் புரியும் என்று நம்புகிறேன்.

காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். (தவறாகவும் இருக்கலாம்.) தகடு எவ்வளவு கனமாக இருந்தாலும் அது நிற்பது ஆடும் தரையின் மேல்தானே? படகில் பாறையை ஏற்றி வைத்ததுபோல் இருக்கிறது. பாறை அசையாது, படகு அசையும். இந்த வீட்டில் ஆடாத பொருள் ஒன்றே ஒன்று, தெருப்பக்கத்துத் தடித்த செங்கல் சுவர். தரையைத் தொடாமல், அந்தச் சுவரில் இரும்புத் தாங்கிகள் அடித்து, அவற்றின் மேல் இன்னும் தடித்த தகட்டை வைக்க வேண்டும். மருமகனால் முடியுமா? படம் வரைந்து வைத்திருக்கிறேன்.

அந்த இல்லத்தைப் பற்றி அவசரப்பட்டு முடிவு செய்யாதே.

உன் தம்பி

மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீ நலமாக இருக்க வேண்டும் என்ற கவலையோடு எழுதுகிறேன். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபாலில் தொலைந்துபோயிருக்கலாம். அல்லது பட்டறை வேலையில் உனக்கு நேரம் இல்லாமல் இருக்கலாம். நான் ஏதாவது தவறாக எழுதிவிட்டேனோ என்று நினைவிலிருந்து ஒவ்வொரு வரியாகச் சொல்லிப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. ஆனால் அதற்காகத் தவறு இல்லை என்று ஆகிவிடாது.

போனில் கூப்பிட்டேன். மருமகள் எடுத்து, “அத்தை தூங்குறாங்க” என்றாள். காலை பத்து மணிக்கு நீ தூங்கி நான் கேள்விப்பட்டதில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

தகட்டின் படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். அவசரமில்லை. உண்மையைச் சொன்னால், கொஞ்சம் அவசரம்தான். ஜூனுக்கு முன் முடிந்தால் நல்லது.

உன் தம்பி

ஏப்ரல் 6

தம்பிக்கு,

எல்லோரும் சௌக்கியம். நீயும் சௌக்கியமாக இரு.

உன் இரண்டு கடிதங்களும் கிடைத்தன. மகன் படத்தைப் பார்த்தான். தகடு, தாங்கி எல்லாம் தயார் செய்துவிட்டான். பட்டறையில் கடைசியாக அறுத்தது அதுதான். வரும் ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு துறைமுகத்துக்குச் சாமான் கொண்டுபோகும் வழியில் வேனில் கொண்டுவந்து அவனே மாட்டித் தருவான்.

இல்லத்தில் அந்தக் கட்டிலை எனக்கென்று சொல்லிவைத்துவிட்டேன். கையெழுத்துப் போடுவது மே முதல் வாரத்தில்.

உன் பாட்டுக்கு இனி ஒரு குறையும் வராது. யாரும் நடக்காத வீடுதான் உனக்கு நல்லது என்றால் அதையும் நான் புரிந்துகொள்கிறேன். நீ வெளிப்படையாக எழுதியதே பெரிது.

அக்கா

ஏப்ரல் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம்தான்.

இல்லத்தைப் பற்றி நீ எடுத்த முடிவு யோசித்து எடுத்ததாகத்தான் இருக்கும். நீ எப்போதுமே என்னைவிட வேகமாகவும் சரியாகவும் முடிவு எடுப்பவள். அங்கே தரை என்ன தரை? வழவழப்பான கல்லாக இருந்தால் தடியின் நுனியில் ரப்பர் மாட்டிக்கொள். நடைவழியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்தாயா? குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, தூரமா? அந்தச் சண்டை போட ஆள் தேடும் அம்மாள் உன் பக்கத்துக் கட்டிலா?

மருமகன் வரட்டும். இனி தேவையில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். ஆனால் தகட்டை அறுத்துவிட்டான் என்கிறாய். தொடங்கிய வேலையை முடித்துவிடுகிறேன். நான் எழுதியதில் எது வெளிப்படை என்று மட்டும் எனக்குப் புரியவில்லை. நான் எதையும் வெளிப்படையாக எழுதியதாக நினைவில்லை.

முட்டியைக் குளிர் படாமல் வைத்துக்கொள்.

உன் தம்பி

ஏப்ரல் 25

டேய் ஸ்கேலு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று நான் கேட்கப்போவதில்லை. எப்படி இருக்கிறது என்று மகன் வந்து சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். பொய் இருந்தால் மறுத்து எழுது.

அவன் தகட்டோடு படி ஏறும்போதே மேலே ‘டொக், தொம், டொக், தொம்’ என்று சத்தமாம். கதவு திறந்திருந்ததாம். உள்ளே எட்டிப் பார்த்தால், நீ யாரிடமோ வாங்கிய கைத்தடியை ஊன்றிக்கொண்டு, கனமான பூட்ஸ் ஒன்றை மாட்டிக்கொண்டு, வலது காலை இழுத்து இடது காலைத் தொம்மென்று வைத்து, நாற்காலியிலிருந்து சமையலறைக்கு நடந்துகொண்டிருக்கிறாய். ரெக்கார்டு பிளேயர் முன்னால் குந்தி உட்கார்ந்துகொண்டு அந்த ஓட்டுநர், “குதிக்குது சார்! இன்னும் கொஞ்சம் சாஞ்சு நடங்க. நீங்க நடக்குறது அவங்கள மாதிரி இல்ல, போலீஸ்காரர் மாதிரி இருக்கு” என்கிறாராம்.

“மாமா, கால்ல என்ன ஆச்சு?” என்று இவன் பதறியிருக்கிறான். நீ காது மடல்வரை சிவந்துபோய், “ஒண்ணுமில்ல. சோதனை” என்றாயாம். அதோடு உள்ளே போய்த் தேநீர் போடுகிற சாக்கில் வெளியே வரவே இல்லையாம்.

அந்த மனிதரைத் தனியாகப் பிடித்துக் கேட்டிருக்கிறான். அவர் சொன்னாராம்: “உங்க அம்மா இங்க வந்து இருக்கணும்னு சாருக்கு ஆசை. நடந்தா ஊசி குதிக்கும், குதிச்சா அவங்க மறுபடியும் நாற்காலில உக்காந்துருவாங்க, உக்காந்தே இருந்தா முட்டி பூட்டிக்கும்னு பயம். அதான் ஜனவரியிலருந்து என்னையும் நடக்கவிட்டுப் பாக்குறாரு. இப்ப அவங்க வேற எங்கயோ போறாங்களாமே? அப்புறம் எதுக்கு சார் இதுன்னு நானும் கேட்டேன். ‘வராம இருக்கறதுக்குத் தரை ஒரு காரணமா இருக்கக் கூடாது’ன்னு சொன்னாரு.”

இதைச் சொல்லும்போது மகன் சிரிக்கவில்லை. பிறகு சுவரில் தாங்கியை அடித்து, ரப்பரை வைத்து, தகட்டை ஏற்றியிருக்கிறான். நீ நடந்தாய், ஊசி குதிக்கவில்லை. ஓட்டுநர் நடந்தார், அப்போதும் குதிக்கவில்லை. கடைசியில் இவன் வேண்டுமென்றே எம்பிக் குதித்தானாம், ஊசியும் குதித்ததாம். “அம்மா குதிக்க மாட்டாங்க மாமா, கவலைப்படாதீங்க” என்றானாம்.

பின் அறையையும் பார்த்திருக்கிறான். சுருள் ஒன்றுகூட இல்லையாம். கட்டில் போட்டிருக்கிறதாம். அங்கிருந்து குளியலறைவரை சுவரில் கைப்பிடி அடித்திருக்கிறதாம். அதன் உயரத்தைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “உன் கைக்குன்னே அடிச்ச மாதிரி இருந்துச்சும்மா” என்றான்.

ஏண்டா, இதில் ஒரு வரியாவது என்னிடம் சொன்னாயா? ‘யாரும் நடக்காதபோது அவ்வளவு தெளிவாக இருக்கிறது’ என்று எழுதினாய். ‘இன்னொருவர் நடந்தால் என்ன ஆகும் நினைத்துப் பார்’ என்று எழுதினாய். நான் நினைத்துப் பார்த்தேன். வராதே என்கிறான் என்று நினைத்தேன். அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீ கூப்பிட்டபோது போனை எடுக்கவில்லை. தூங்கவும் இல்லை. மருமகளைப் பொய் சொல்ல வைத்தேன். பேருந்து ஓட்டுகிறவருக்குத் தெரிகிறது, உன் சுவருக்குத் தெரிகிறது, வரவேண்டியவளுக்குத் தெரியாது.

நானும் கேட்டிருக்கலாம், உண்மைதான். கேட்டு நீ தயங்கினால் என்ன செய்வது என்று பயந்தேன். நம் வீட்டில் பயப்படுகிறவன் நீ மட்டும்தான் என்று இத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது கேட்டுக்கொள். நீ இன்னும் என்னைக் கூப்பிடவில்லை. கைப்பிடி அடித்ததெல்லாம் கூப்பிட்டதாக ஆகாது. நான் கூப்பிடாத வீட்டுக்குப் போகிறவள் இல்லை, அது உன் வீடாக இருந்தாலும். இல்லத்தில் அடுத்த வெள்ளிக்கிழமை கையெழுத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் வாயைத் திறந்து கேள். கேட்டால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியாதா?

தகட்டைப் பற்றி ஒரு வரி இருந்தாலும் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவேன்.

அக்கா

ஏப்ரல் 29

அக்கா,

என்னோடு வந்து இரு.

விருந்தாளியாக அல்ல, சில நாட்களுக்கும் அல்ல. நாம் இரண்டு பேரும் இருக்கும்வரை. என் பேச்சு போதாது, என் வேலை மெதுவாக நடக்கும், ஒரு சாமானை இடம் மாற்றி வைத்தால் நான் முகம் சுளிப்பேன். நீ திட்டு. நான் பதில் சொல்லப் பழகிக்கொள்கிறேன். எதற்கெல்லாம் நீ சண்டை போடுவாய் என்று இப்போதே எனக்குத் தெரியும். அவற்றைச் சரிசெய்யாமல் அப்படியே விட்டுவைத்திருக்கிறேன்.

இதை எழுதியபின் இன்னொரு முறை படித்துப் பார்த்தால் ‘உனக்கு வசதிப்பட்டால்’ என்று எங்காவது சேர்த்துவிடுவேன். அதனால் படிக்கவில்லை. உறையை ஒட்டியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு கடைசி வரியை எழுதுகிறேன். தெருமுனைப் பெட்டியில் தபாலை எடுக்கிறவர் வந்துவிட்டார். அவர் பையைக் கட்டுவதற்குள் நான் ஓட வேண்டும்.

வருவாயா?